ஓய்வுக்காலத்துக்கு ஊர் திரும்புவது எப்படி: முடிவெடுப்பது முதல் முதல் ஆண்டு நிறைவு வரை

ஓய்வுக்காலத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் பணத்தையும் நிம்மதியையும் இழப்பது பெரும்பாலும் வரிசை தப்பும்போதுதான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு, ஊரில் இறங்கிய வாரத்தில் மருத்துவக் காப்பீடு தேடுவார்கள். அங்குள்ள வீட்டை விற்றுவிட்டு வந்த எட்டாம் மாதம், மனைவிக்கு இந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை என்பது தெரியவரும். ஆகஸ்டில் வந்திருந்தால் மிச்சமாகியிருக்கும் வரியை, ஏப்ரலில் வந்ததால் கட்டுவார்கள். செய்த காரியங்களில் பிழை இருக்காது, செய்த நேரம்தான் பிழையாக இருக்கும்.

வளைகுடா, சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய இடங்களிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்ப நினைக்கும், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்காக இதை எழுதுகிறோம். திரும்பும் நாளுக்கு மூன்று ஆண்டு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: தம்பதியரில் ஒருவர் மட்டும் மிஞ்சும் நாளில் இந்த ஏற்பாடு தாங்குமா? இருவரும் நடமாடுகிற வரை எந்த ஏற்பாடும் நன்றாகத்தான் தெரியும்.

## முடிவும் இடமும்

கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, காலை முதல் இரவு வரை ஊரில் என்ன செய்வேன்? ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவேன், அவர் எத்தனை நிமிடத்தில் வந்து சேருவார்? துணை இல்லாமல் போனால் இதே வீட்டில் இருப்பேனா, பிள்ளைகளிடம் போவேனா? எழுதி முடித்த பிறகே தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் ஒருவர் ஊரை நினைத்துக்கொண்டிருப்பார், மற்றவர் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருப்பார். பேசாமலே வருடங்கள் ஓடியிருக்கும். அந்த வித்தியாசம் விமானம் ஏறுவதற்கு முன்பே மேசைக்கு வந்துவிட வேண்டும்.

வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளத் திரும்புவது வேறு, தன் முதுமைக்காகத் திரும்புவது வேறு. முதலாவதற்குப் பெற்றோர் இருக்கும் ஊர்தான் இடம். அவர்கள் காலத்துக்குப் பிறகும் அதே ஊர் உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இடம் தேர்வதில் உறவைவிட மருத்துவமனைக்கு முதலிடம் கொடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மாரடைப்புக்கு, இதய ரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் கூடமான கேத் லேப் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்க வேண்டும். வீட்டிலிருந்து இந்த இரண்டு வசதியும் உள்ள மருத்துவமனைக்கு, மாலை நெரிசல் நேரத்தில், ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த ஊரில் நிரந்தரமாகக் குடியேறுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பூர்வீக வீட்டைத் திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் வைத்துக்கொண்டு, கோவை, மதுரை, திருச்சி, சென்னை போன்ற நகரம் ஒன்றில் குடியிருப்பது பலருக்குப் பொருந்தும். பிள்ளைகள் அவசரமாக வந்து சேர வேண்டிய விமான நிலையமும் அப்போது பக்கத்தில் இருக்கும்.

## ஆறு மாதம் வாடகை வீட்டில்

நிரந்தரமாகத் திரும்பும் முன் ஆறு மாதம் ஊரில் சோதனையாகத் தங்கிப் பாருங்கள். விடுமுறைக்கு வந்து போன அனுபவம் கணக்கில் சேராது. விடுமுறையில் நீங்கள் விருந்தாளி. உறவினர் வீட்டில் தங்காமல், குடியேற நினைக்கும் பகுதியிலேயே வாடகைக்கு வீடு எடுத்து, கரண்ட் பில், குப்பை, தண்ணீர் லாரி, வேலைக்கு வருபவர் லீவு எல்லாவற்றையும் நீங்களே சமாளித்துப் பாருங்கள். ஏப்ரல், மே வெயிலோ வடகிழக்குப் பருவமழையோ, இரண்டில் ஒன்று அந்தக் காலத்துக்குள் வரட்டும். செலவை நாள்தோறும் எழுதுங்கள். கிடைக்கும் மாதச் சராசரியோடு பிறகு வரக்கூடிய நான்கு செலவுகளைச் சேர்க்க வேண்டும்: மருத்துவம், வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர், பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் விமானச் செலவு, வீட்டுப் பழுது. இதில் உதவியாளர் செலவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பகல் ஒருவர், இரவு ஒருவர் என்று வந்துவிட்டால் குடும்பத்தின் மற்ற எல்லாச் செலவையும் அது மிஞ்சக்கூடும்.

இந்தக் காலத்தில் அங்கே திரும்பிப் போகும் உரிமையை இழந்துவிடக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்கப்போகிறார் என்றால், அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன்பே ரீஎன்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை நிலைக்க 5 ஆண்டில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். பிரிட்டனின் காலவரையற்ற வசிப்புரிமை, தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதியாகும். சிங்கப்பூர் நிரந்தரவாசிக்கு ரீஎன்ட்ரி பெர்மிட் செல்லுபடியாக இருக்க வேண்டும். அமீரகத்தின் சாதாரண வசிப்பு விசா, 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் செல்லாது. கோல்டன் விசாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சோதனைத் தங்கலை ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிப்பது நல்லது. இந்திய நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிவதால், நாட்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 90 நாள்தான் விழும். இது ஏன் முக்கியம் என்பது வரிக் கணக்கைப் பார்க்கும்போது புரியும்.

## மருத்துவக் காப்பீடு: மூன்று ஆண்டு முன்பே

இந்தியாவில் புதிய மருத்துவ பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். 62 வயதில் திரும்ப நினைப்பவர் 59 வயதில் பாலிசி எடுத்தால், வந்து இறங்கும்போது அந்தக் காலம் கழிந்திருக்கும். வந்த பிறகு எடுத்தால், மிகவும் தேவைப்படும் மூன்று ஆண்டுகள் வெறுமையாகப் போகும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்குப் பல நிறுவனங்கள் பாலிசி தருகின்றன. ஊருக்கு வரும் ஒரு விடுமுறையில் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடலாம். 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி தரத் தேவையில்லை என்றிருந்த பழைய வரம்பு 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது. ஆனால் உடல்நிலையைப் பார்த்து மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இன்னும் உண்டு. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். பதினைந்து ஆண்டு முன் செய்த ஆஞ்சியோவையும் எழுதுங்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, சொல்லாமல் விட்டதைக் காட்டி கிளைமை மறுக்க முடியாது. ஆனால் அந்த 60 மாதத்துக்குள்தான் முதல் பெரிய செலவு வரும்.

பாலிசியைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று வரம்பு இருந்து, நீங்கள் 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், மீதி 5,000 மட்டும் உங்கள் கையிலிருந்து போகும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். ஆகவே அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியே வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது கோபேமென்ட்: ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனை. மூன்றாவது, கண்புரை, மூட்டு மாற்று ஆகியவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்பது. பெரிய தொகைக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிட, நடுத்தரமான அடிப்படை பாலிசியும், அதன் தொகைக்கு மேல் ஆகும் செலவைத் தரும் சூப்பர் டாப்அப் பாலிசியும் சேர்ந்து மலிவாக முடியும். மருத்துவமனைக்கு வெளியே ஆகும் மருந்து, உதவியாளர், பிசியோதெரபி செலவுகளுக்குப் பொதுவாகக் காப்பீடு வராது. அதற்கென்று தனியாக ஒரு டெபாசிட் இருக்க வேண்டும்.

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக அந்நாட்டுக்கு வெளியே செல்லாது. மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான அதன் பார்ட் பி பிரீமியத்தை நிறுத்திவிட்டுப் பின்னாளில் மறுபடி சேர்ந்தால், விடுபட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாக, வாழ்நாள் முழுதும் கட்ட வேண்டும். திரும்பிப் போகும் வாய்ப்பு இருக்கிறவர்கள் முதல் ஓரிரு ஆண்டு அதைத் தொடர்வது விவேகம்.

## எந்தத் தேதியில் இறங்குவது

இந்தியாவில் உங்கள் நிலையை இரண்டு சட்டங்கள் தனித்தனியே தீர்மானிக்கின்றன. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி, நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு வந்து இறங்கிய நாளிலிருந்தே நீங்கள் இந்தியவாசி. வருமான வரிச் சட்டமோ நாட்களை எண்ணும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் திரும்பி வருகிறவர்களிடம் அதிகம் காணும் பிழை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும் நாள் கணக்கின் அடிப்படை அதேதான்.

ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் வரிக்கு நீங்கள் இந்தியவாசி. அல்லது அந்த ஆண்டில் 60 நாளும், முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் அப்படியே. வெறும் வருகையாக வரும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் இந்த 60 நாள் 182 ஆகத் தளரும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அது 120 நாள்தான். சோதனைத் தங்கலை இரண்டு ஆண்டுகளில் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்தியவாசி ஆனதும் உலக வருமானம் முழுவதற்கும் வரி வந்துவிடாது. இடையில் ஆர்என்ஓஆர் (இந்தியவாசிதான், ஆனால் வரிக்கு இன்னும் முழு இந்தியவாசி அல்ல) என்றொரு நிலை இருக்கிறது. முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு வரிக்கு வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தால், அல்லது முந்தைய 7 ஆண்டில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729ஐத் தாண்டாவிட்டால், இந்த நிலை கிடைக்கும். அது இருக்கும் வரை உங்கள் வெளிநாட்டு வட்டி, டிவிடெண்ட், வாடகை, பங்கு லாபம் எதற்கும் இங்கே வரி இல்லை. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வருமானத்துக்கு மட்டும் வரி உண்டு.

தேதியை வைத்துப் பார்ப்போம். ஏப்ரல் 1 அன்று இறங்குகிறவருக்கு முதல் ஆண்டில் 365 நாள், இரண்டாம் ஆண்டில் 365 நாள். மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது 730. ஒரே ஒரு நாளால் 729ஐத் தாண்டிவிடும். அவருக்கு ஆர்என்ஓஆர் இரண்டு ஆண்டோடு முடிந்தது. ஆகஸ்ட் 1 அன்று இறங்குகிறவருக்கு முதல் நிதியாண்டில் 243 நாள், அடுத்ததில் 365, மொத்தம் 608. அதற்கு முந்தைய 5 ஆண்டுகளின் வருகைகள் எல்லாம் சேர்ந்து 121 நாளுக்குள் இருந்தால் மூன்றாம் ஆண்டும் கிடைக்கும், அதாவது இரண்டு ஆண்டு எட்டு மாதம். அக்டோபர் 2 அன்று இறங்கினால் (பிப்ரவரியில் 28 நாள் உள்ள ஆண்டில்) அந்த நிதியாண்டில் 181 நாள்தான். அதே ஆண்டில் வேறு வருகை இல்லாமலும், முந்தைய 4 ஆண்டுகளின் வருகை 365 நாளுக்குள்ளும் இருந்தால், அந்த ஆறு மாதம் முழுக்க வெளிநாட்டுவாசியாகவே கணக்கிடப்படும். பிறகு இரண்டு ஆண்டு ஆர்என்ஓஆர். வந்து இறங்கும் நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்து ஏழு ஆண்டுக்கான நாள் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஆடிட்டரிடம் காட்டிய பிறகே டிக்கெட் எடுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் இருந்து, வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன், 2020–21 நிதியாண்டு முதல் இந்தியவாசியாகவே கருதப்படுகிறார். அந்த ஆண்டுகள் 9 ஆண்டுக் கணக்கைக் கெடுத்துவிடலாம்.

இந்த ஆர்என்ஓஆர் காலத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: லாபத்தில் இருக்கும் வெளிநாட்டுப் பங்குகளை விற்று, வேண்டுமானால் உடனே மறுபடி வாங்கிக்கொள்வது. வாங்கிய விலை அப்போது புதிய விலையாகிவிடும். பின்னாளில் இந்திய வரி அதற்கு மேல் வரும் லாபத்துக்கு மட்டும்தான். வெளிநாட்டு வீட்டை விற்பதாக முடிவு செய்திருந்தாலும் இந்தக் காலத்துக்குள் முடியுங்கள். இரண்டிலும் அந்த நாட்டின் வரியை முதலில் பாருங்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு அமெரிக்க வரி எங்கே இருந்தாலும் உண்டு.

ஆர்என்ஓஆர் முடிந்த ஆண்டிலிருந்து, வெளிநாட்டில் உள்ள ஒவ்வொரு வங்கிக் கணக்கையும் பங்குக் கணக்கையும் வீட்டையும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். வருமானமே இல்லாத பழைய சேமிப்புக் கணக்கும் இதில் அடங்கும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. பயன்படாத கணக்குகளை அதற்கு முன்பே மூடிவிடுங்கள்.

## வங்கிக் கணக்குகள்

நிரந்தரமாக வந்து இறங்கியதும் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வெளிநாட்டில் இருந்தபோது இந்திய வருமானத்தைப் போட்டுவந்த என்ஆர்ஓ கணக்கு சாதாரணக் கணக்காக மாறும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயில் போட்டுவந்த என்ஆர்இ கணக்கையும் சாதாரணக் கணக்காக்க வேண்டும், அல்லது பணத்தை ஆர்எஃப்சி (இந்தியவாசி வெளிநாட்டு நாணயத்தில் வைக்கும்) கணக்குக்கு மாற்றலாம். என்ஆர்இ வட்டிக்கான வரிவிலக்கு, ஃபெமாவின்படி வெளியே வசிப்பவருக்கு மட்டுமே உரியது. ஆர்என்ஓஆராக இருந்தாலும் திரும்பிய நாளிலிருந்து அந்த வட்டிக்கு வரி உண்டு. தெரிவிக்காமல் இரண்டு மூன்று ஆண்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் வரிப் பிழையையும் ஃபெமா மீறலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டுவாசி வெளிநாட்டு நாணயத்திலேயே போடும் எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டுக்குச் சலுகை அதிகம். ஒப்புக்கொண்ட வட்டியிலேயே முதிர்வு வரை தொடரலாம்; ஆர்என்ஓஆர் இருக்கும் வரை வட்டிக்கு வரியும் இல்லை. அதனால் திரும்புவதற்குச் சற்று முன் என்ஆர்இ பணத்தில் ஒரு பகுதியை எஃப்சிஎன்ஆரில் போடுவது நல்ல ஏற்பாடு. முதிர்ந்ததும் ஆர்எஃப்சிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்எஃப்சியில் பணம் டாலராகவோ பவுண்டாகவோ இருக்கும், வெளிநாட்டுக்குத் தடையில்லாமல் திருப்பி அனுப்பலாம். மறுபடி அங்கே போக நேர்ந்தாலோ, பேரன் படிப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தாலோ கைகொடுப்பது இந்தக் கணக்குதான். சாதாரண ரூபாய்க் கணக்கிலிருந்து அனுப்புவதென்றால் நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர் என்ற வரம்பு வரும். வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய வீடு, பங்கு, கணக்கு எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக்கொள்ள ஃபெமா அனுமதிக்கிறது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொண்டுவரத் தேவையில்லை.

இங்கே இருக்கும் டெபாசிட்களில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு, அசலும் வட்டியும் சேர்த்து. 60 வயதைக் கடந்து இந்தியவாசியான பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியே போடுங்கள். ஒருவர் போன பிறகு மற்றவர் பெயரில் வருமானம் நிற்காமல் வருவதற்கு அது உதவும்.

வெளிநாட்டு மொபைல் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். அங்குள்ள வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன் அதை மிகக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கும் ஈசிமுக்கும் மாற்றி, இந்தியாவில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இந்திய முகவரி கொடுத்ததும் கணக்கைக் கட்டுப்படுத்தும் பங்குத் தரகு நிறுவனங்கள் உண்டு. உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று முன்பே கேளுங்கள்.

## அங்கே மிச்சமிருப்பவை

பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் இந்தியாவில் வசிப்பவருக்கு ஆண்டுதோறும் உயராது. வந்த நாளில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும். இருபது ஆண்டுக் கணக்குப் போடும்போது இது பெரிய வித்தியாசம். கனடாவின் முதியோர் ஓய்வூதியம், 18 வயதுக்குப் பிறகு 20 ஆண்டு அங்கே வசித்திருந்தால் வெளிநாட்டிலும் தொடரும். கனடாவோடு இந்தியாவுக்கு 2015 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, அமெரிக்காவோடு இல்லை. இருந்தாலும் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை இந்தியாவில் இருந்தபடி பெறலாம். வரி ஒப்பந்தப்படி அதற்கு அமெரிக்காவில் மட்டுமே வரி. குடியுரிமை இல்லாமல் கிரீன் கார்டையும் விட்டவருக்குத் தொகையில் 25.5 சதவீதம் பிடித்தம் ஆகும். சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்பு நிதியான சிபிஎஃப் பணத்தை, நிரந்தர வசிப்புரிமையைத் துறந்து நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போது எடுக்கலாம். அமீரகத்தில் பணிக்கொடை முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், பிறகு 30 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 2 ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாது. அங்கே கடன், கார்டு பாக்கி எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு வங்கியிலும் பாக்கியில்லைச் சான்று வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஓய்வுக் கணக்குகளில் ஆண்டுதோறும் சேரும் வருமானத்துக்கு, பணத்தை எடுக்கும்போது மட்டும் இந்தியாவில் வரி கட்டும் விருப்பம் இருக்கிறது. அதற்கான படிவத்தை வருமான வரிக் கணக்கின் கெடுவுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை தேர்ந்தால் பின்வாங்க முடியாது.

கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். 15 ஆண்டுகளில் 8 ஆண்டு அதை வைத்திருந்தவருக்கு வெளியேறும் வரி பொருந்தலாம். இன்னொன்று, குடியுரிமை இல்லாமல் இந்தியாவில் நிலையாக வாழ்ந்து இறப்பவரின் அமெரிக்கப் பங்குகளுக்கு, 60,000 டாலருக்கு மேல் அந்நாட்டின் எஸ்டேட் வரி உண்டு. துணைக்குப் போக வேண்டிய பணம் அது. திரும்பிய பிறகு அமெரிக்கப் பங்குகளை நேரடியாக வைத்திருப்பதைக் குறைப்பதே இதற்கு எளிய வழி. அமெரிக்கக் குடிமக்களாகவே தொடர்கிறவர்கள் இந்திய மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும் முன் அமெரிக்க ஆடிட்டரைக் கேளுங்கள். அங்கே அதற்குத் தனியான, கடுமையான வரி முறை இருக்கிறது.

## குடியுரிமைக் காகிதங்கள்

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு ஓசிஐ அட்டை போதும். வாழ்நாள் முழுதும் தங்கலாம், வெளிநாட்டவர் பதிவு தேவையில்லை. வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது; பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 50 வயதுக்குப் பிறகு புதிய பாஸ்போர்ட் வாங்கும்போது ஒருமுறை அதன் நகலையும் புகைப்படத்தையும் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் வந்ததும் ஆதார் எடுக்கலாம். ஓசிஐ உள்ளவர்கள் முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும், ஆகவே முதல் அரையாண்டை ஆதார் இல்லாமல் ஓட்டத் தயாராக வாருங்கள். பாஸ்போர்ட், பான், ஆதார், பத்திரம் எல்லாவற்றிலும் இனிஷியலும் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவதை ஊருக்கு வரும் முன்பே தொடங்குங்கள்.

## வீடு

ஏற்கெனவே வீடோ மனையோ இருந்தால் வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது மூன்றையும் புதிதாக எடுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றும் உடன்பிறந்தவர்களின் பாகப்பிரிவினைப் பத்திரமும் தேவைப்படும். இதை எல்லோரும் உயிரோடும் உறவோடும் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல, 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி பதிவான எழுத்து ஒப்பந்தம் இருந்தால் வேலை எளிது.

யாருக்காவது பவர் கொடுத்திருந்தால், திரும்பியதும் அதை ரத்து செய்து பதிவு செய்யுங்கள். பவர் பெற்றவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் உறவினருக்கு வீட்டை எழுதிவைக்கிறவர்கள், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய இடம் தருகிறது.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது குளியலறை. நம் வீடுகளில் அதன் தரை அறையைவிட ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்கும், வாசலில் கிரானைட் தடுப்பு ஒன்று எழும்பியிருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் தடுக்கும் இடம் அதுதான். தடுப்பை எடுத்துவிட்டு, தரையைச் சரிவாக்கி, வாசல் நெடுக நீளமான வடிகால் பதிக்கச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்து கிடப்பவரின் உடலே அதை மறித்துவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக இருக்கட்டும். வாசல் அகலம் 90 சென்டிமீட்டர் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். கழிப்பறை இருக்கை உயரம் 45 முதல் 48 சென்டிமீட்டர். பிடிகம்பியை டைல்ஸின் மேல் ஒட்டாமல் செங்கல் சுவருக்குள் ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்துத்தான் பலர் விழுகிறார்கள். படுக்கையிலிருந்து குளியலறை வரை தானாக எரியும் சிறு விளக்குகள் வையுங்கள். அடுக்குமாடி என்றால் லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையுமா, ஜெனரேட்டர் லிஃப்டையும் இயக்குமா என்று கேளுங்கள்.

முதியோர் குடியிருப்புகளில், குறிப்பாகக் கோவையைச் சுற்றி, தேர்வுக்குக் குறைவில்லை. பிரசுரத்தில் இருக்கும் தோட்டத்தைவிட ஒப்பந்தத்தைப் பாருங்கள். படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வெளியேறச் சொல்வார்களா? மாதப் பராமரிப்புத் தொகையை யார், எந்த அடிப்படையில் உயர்த்துகிறார்கள்? ஒருவர் இறந்த பிறகு மற்றவர் சிறிய வீட்டுக்கு மாறலாமா? ஏற்கெனவே அங்கே தனியாக வாழும் ஒருவரோடு அரை மணி நேரம் பேசினால் இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிடும்.

## சாமான்களும் மருந்தும்

அமெரிக்கா, கனடா மின்சாதனங்களைக் கொண்டுவராதீர்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் உள்ள சாதனம் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும் லேப்டாப், தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி போன்றவை பரவாயில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமான்களுக்குச் சுங்கச் சலுகை உண்டு. அந்த இரண்டு ஆண்டில் இந்தியாவில் தங்கிய நாட்கள் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. சோதனைத் தங்கலின்போது இதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்று மாத மருந்தும், பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டும் கொண்டுவாருங்கள். இங்குள்ள மருத்துவர் அந்தப் பெயரை வைத்துத்தான் இணையான மருந்தைக் கண்டுபிடிப்பார். எக்கோ, எம்ஆர்ஐ போன்றவற்றுக்கு அறிக்கை மட்டும் போதாது, படங்களையும் வாங்கி வாருங்கள்.

## தனியாக மிஞ்சுபவருக்கான கோப்பு

உயில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். இரண்டு நாட்டில் சொத்து இருந்தால் இரண்டு உயில் எழுதுவது வசதி. இந்திய உயில் இந்தியச் சொத்துக்கு, மற்றது அங்குள்ளதற்கு. ஆனால் உயில்களின் முதல் பத்தியில் வழக்கமாக வரும் 'இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்' என்ற வரியைக் கவனியுங்கள். இரண்டாவது உயிலில் அது அப்படியே இருந்தால் முதல் உயில் செத்துவிடும். 'இந்தியாவில் உள்ள சொத்துகள் தொடர்பாக' என்று அந்த வரியைக் கட்டுப்படுத்தி எழுத வேண்டும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பவர் மட்டுமே, அவரே உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உயிலும் நாமினியும் ஒன்றோடொன்று முரண்படாமல் பாருங்கள்.

செயற்கை உயிர்காப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழி திறந்தது. 2023இல் அதை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும். பிள்ளைகள் கடல் கடந்து இருக்கும் வீட்டில் இந்தக் காகிதம் இல்லாவிட்டால், அந்த முடிவு பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழும்.

இவற்றோடு வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், வரிக் கணக்கு, பத்திரங்கள் பற்றிய விவரங்களை ஒரே கோப்பில் சேர்த்து, இதுவரை பணம் பார்க்காத துணையிடம் கொடுங்கள். ஒரு மாதம் முழுக்க எல்லாப் பில்லையும் அவரே கட்டட்டும், வங்கிக்கும் அவரே போகட்டும். எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துக் கோப்பைத் திருத்துங்கள். 108 ஆம்புலன்ஸ், மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, பக்கத்து வீட்டு எண் மூன்றும் பெரிய எழுத்தில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கட்டும்.

## முதல் ஆண்டு முடிவில்

அங்குள்ள வீட்டை விற்பது, வசிப்புரிமையைத் திருப்பிக் கொடுப்பது, இங்கே பெரிய வீடு வாங்குவது ஆகிய மூன்றையும் முதல் 12 மாதம் செய்யாமல் இருங்கள். அங்குள்ள வீட்டை வாடகைக்கு விடலாம், இங்கே வாடகையில் இருக்கலாம். ஆண்டு முடிவில், தொடக்கத்தில் எழுதிய மூன்று கேள்விகளுக்கு இருவரும் மறுபடி தனித்தனியே பதில் எழுதி, உண்மையான மாதச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரின் பதிலும் ஒத்துப்போனால் மூன்றையும் முடிக்கலாம். ஆர்என்ஓஆர் காலத்தில் அதற்கு இன்னும் ஓராண்டாவது மீதமிருக்கும். ஒத்துப்போகாவிட்டால் ஆர்எஃப்சி பணமும், உயிரோடு இருக்கும் விசாவும், ஓடும் காப்பீடும் கையில் இருக்கின்றன. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று அமைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு மறுபடி எழுதிப் பாருங்கள்.